எட்டாவது அறை

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவளின் மடியில் மடித்தபடி ஒரு அட்டைப்பெட்டி; கடைகளுக்குப் பெட்டி செய்து கொடுப்பவள் போலும். சாய்ந்தமருது தாண்டும்போது அவள் சொன்னதைக் கேட்டுத்தான் காதை நீட்டினேன்.

"அட்டைக்கு சுன்னத்து தெரியுமா மதினி?"

"என்னடி கத இது?"

"பேரீச்சம்பழக் கட ஹாஜியார் ஏழு அறை வெச்ச பெட்டி கேக்காரு. நோன்புக்கு விக்கவாம்."

"பேரீச்சம்பழத்த ஒத்தப்படையா திங்கிறதுதானே நபி காட்டின சுன்னத்து? சரியாத்தானே கேட்டிருக்காரு."

"நெடுக்க ஒரு அட்ட, குறுக்க மூணு அட்ட கோத்தா எட்டு அறைதான் வரும். நான் என்ன செய்ய?"

"ஒரு அறைய வெறுமன உடு."

"கடைக்காரன் ஒரு பழத்த திண்டுட்டான் எண்டு சனம் கதைக்குமாம். அதான் எட்டாவது அறை கொட்ட போடுறதுக்கு எண்டு சொல்லிட்டன்."

மதினி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "நம்பினாரா?"

"அந்த இடத்திலேயே ஏழு பழத்தையும் திண்டு, கொட்டய அதுக்குள்ள போட்டுப் பாத்தாரு. எல்லாம் அடங்கிச்சு."

"அல்லாஹ்வே! அந்த மனிசனுக்கு சீனி வருத்தமெல்லா? இனிப்புத் திங்கப்படாதே?"

"ஓம். திண்டு முடிச்சுத்தான் ஓடர் தந்தாரு. ஆனா கொட்ட அறைக்கு மட்டும் ஒரு மூடி வேணுமாம்."

"அதுக்கு என்னத்துக்குடி மூடி?"

"அவர்ர பொஞ்சாதி கொட்டய எண்ணுவாவாம்."