ஸாக்கு மகன்கள்

எனக்கு நன்றாக விசில் ஊத வரும், ஃபாதர். பிள்ளைகளைக் கட்டி மேய்க்க முதலில் வேண்டியது அதுதான். வைட்ஃபீல்ட் கொய்யாத்தோப்பில் நம் பங்கு நடத்திய கோடை கேம்ப்பில், இந்த வருஷம் காக்ஸ் டவுன் பையன்களில் ஒருவன்கூட வீட்டை நினைத்து ஏங்கவில்லை. போன வருஷம் பாதிப் பேரை நடுவிலேயே திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

எப்படி என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

முதல் நாள் ஆம்ப்ரோஸ் அழுதான். அம்மாவிடம் போக வேண்டுமாம். கதை சொன்னேன், பட்டம் விட்டேன், மசியவில்லை. சாப்பாட்டில் சமையல்காரர் கிருஷ்ணப்பா ரசம் ஊற்றிக்கொண்டே, "ஸாக்கா மகா?" என்றார். கன்னடத்தில் போதுமா மகனே என்று கேட்டார், அவ்வளவுதான். அதே கன்னடத்தில் ஸாக்கு மகன் என்றால் வளர்ப்புப் பிள்ளை என்பது எனக்குத்தான் நினைவுக்கு வந்தது.

"கேட்டியாடா?" என்று அவன் காதோடு சொன்னேன். "கிருஷ்ணப்பாவுக்கே தெரிஞ்சிருக்கு. நீ ஸாக்கு மகன்டா. உங்கம்மா அப்பா உன்ன எடுத்து வளக்கறாங்க. யார்கிட்டயும் சொல்லாத."

அழுகை அப்படியே நின்றது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப என் நிஜ அப்பா யாருண்ணா?" என்றான்.

குழந்தை மனசை நோகடிக்கலாமா? "உன்மேல உசிரயே வெச்சிருக்கார். பக்கத்துலதான் இருக்கார்" என்று மட்டும் சொல்லித் தலையைத் தடவிக்கொடுத்தேன்.

மருந்து நன்றாக வேலை செய்தது. அடுத்தடுத்து அழுதவர்களுக்கும் அதையே கொடுத்தேன். பிறகு அழாதவர்களுக்கும், ஒரு முன்ஜாக்கிரதைக்கு. கிருஷ்ணப்பா வேளா வேளைக்கு ஒவ்வொரு இலையாகக் குனிந்து, "ஸாக்கா மகா?" என்று கேட்டு அதை உறுதிப்படுத்தினார். ஒருவனும் இன்னொருவனிடம் மூச்சு விடவில்லை. பெற்றவர்கள் நல்லபடியாக வளர்த்த பிள்ளைகள்.

கடைசி நாள் ஆம்ப்ரோஸின் அம்மா கேத்தரின் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொள்ளப் போனார். அவன் கை கொடுத்து, "இவ்ளோ நாள் வளத்ததுக்கு ரொம்ப தேங்க்ஸ், ஆன்ட்டி" என்றான். அந்தம்மா கொய்யாமரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதற்குள் மற்றவர்களும் அவரவர் வீட்டாருக்கு நன்றி சொல்லத் தொடங்கிவிட்டார்கள். பஸ்ஸில் ஒருவனும் ஏறவில்லை. எல்லாரும் என் பின்னால் வந்து நின்றார்கள். தாய்மார்கள் அழுததைப் பார்க்க எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை. கல்யாணமாகாதவன் நான், எனக்காக யாரும் பஸ்ஸைத் தவற விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒவ்வொருவனிடமும் நான் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் இனிமேல் கேம்ப் பக்கமே வரக்கூடாது என்கிறீர்கள். சரி, ஃபாதர். சொல்லிவிடுகிறேன். பொய் பாவம்தான்.

ஆம்ப்ரோஸை மட்டும் விட்டுவிடுங்கள். கேம்ப்பில் பந்தாடும்போது எனக்குக் கால் சுளுக்கியது. அன்றிலிருந்து அவனும் அதே காலை நொண்டுகிறான். அந்தச் சாயல் வேறு எங்கிருந்து வரும்?

அவனிடம் போய் நான் எப்படிப் பொய் சொல்வேன்?