ஜோகாவின் கொம்பு

கோழி கூவ இன்னும் ஒரு சாமம் இருக்கும். பாஸ்தானார் காட்டுப்பாதை. ஈ, காக்கை இல்லை... ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கல்யாண ஆட்டம் முடிந்து திரும்புகிறார்கள். அவள் அய்த்தே, என் கூட்டாளி லக்மாவின் சித்தி மகள். அவன் மாசா. இளிக்காதே சுக்கா, விறகைத் தள்ளிவிட்டுக் கேள்.

மாசாவின் தலையில் ஆட்டத்துக்குக் கட்டுகிற காட்டுமாட்டுக் கொம்பு. அவனுடையது இல்லை. மழைக்காலத்தில் செத்த அண்ணன் ஜோகாவுடையது. செத்தவனுக்குக் கல் நடும்வரை அவன் கொம்பை யாரும் தொடக்கூடாது. பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அய்த்தேயின் தம்பிக்குக் கல்யாணம். வெறுந்தலையோடு போனால், "மோழை மாடு வந்திருக்கு" என்று அவள் ஊரில் கேலி பேசுவார்களாம். அவளேதான் இறக்கிக் கட்டிவிட்டாள். கொழுப்புதான், வேறென்ன?

ஆட்டத்தின் நடுவே எல்லாரும் கொம்பிலிருந்து முகத்தை மறைத்துத் தொங்கும் சோழிச் சரத்தை விலக்கிக் கள் குடித்தார்கள். மாசா விலக்கவே இல்லை.

திரும்பும்போது பாதையை விட்டு இறங்கிப் புதருக்குள் நடந்தான். சலக்... சலக்... சோழிச் சத்தம். நனைந்த சாம்பல் வாடை.

"பாதைல வாய்யா, முள்ளு குத்தும்."

போதை என்று நினைத்துக் கையைப் பிடிக்கப் போனாள். வெடுக்கென்று விலகி, முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னான்:

"தம்பி பொண்டாட்டியத் தள்ளிப் போகச் சொல்லுங்க."

யாரிடம் சொன்னான்? அங்கே வேறு ஆளே இல்லை. தம்பி பெண்டாட்டியின் நிழல்கூட அண்ணன்மேல் படக்கூடாது, நம் வழக்கம் அதுதானே...

வீட்டில் கொம்பைக் கழற்றினார்கள். முகம் மாசாவின் முகம்தான். ஆனால் அவள் உள்ளே வந்தால் அவன் வெளியே போனான். அவள் கையால் வைத்த கஞ்சியைத் தொடவில்லை. கல்லை நட்டால் ஜோகா போய்விடுவான், என் மாசா வந்துவிடுவான் என்று அழுதாள், பாவம். ஊரே கூடி அவசரமாக மாடு வெட்டி, ஜோகாவுக்குப் பெரிய கல்லாக நட்டது.

திரும்பிப் பார்த்தாள். அவன் அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நின்றான்.

பொழுது சாய்ந்து தண்ணீருக்குப் போனவள் அந்தக் கல்லைக் கடந்தாள். சலக்... நின்றாள். கல்லுக்குள்ளிருந்து யாரோ கூப்பிட்டார்கள், மாசா தனியாக இருக்கும்போது மட்டும் அவளைக் கூப்பிடுகிற பேரைச் சொல்லி...

"அய்த்திக்குட்டி... கொம்பைக் கழட்டிவிடு. கழுத்து வலிக்குது."