வராதவர்களுக்கும் கணக்குச் சொன்ன அசரியா அவர்களுக்கு

ஒரு சந்தேகம் என்ன விலை? மற்ற ஊரில் எப்படியோ, எங்கள் நிலையத்தில் அதற்கு விலை சொல்லியாயிற்று: நானூறு ரூபாய்! அந்த விலையைக் கேட்டும் தன் சந்தேகத்தைக் கைவிடாத தகைமையாளரே! இரும்புலியூர் ஈந்த இணையிலா அறிஞரே! சைக்கிள் மணியோசை கேட்டதும் எங்களைக் கடிகாரத்தைத் திருத்தி வைக்கச் செய்யும் காலந்தவறாக் கண்ணியரே! தாம்பரம் துரிதக் கணக்கீட்டு நிலையத்தின் தலைமைப் புரோகிராமராய் இருந்து இன்று ஓய்வுபெறும் திரு. ஜே. அசரியா அவர்களே! வணக்கம், வணக்கம்!

துளையிட்ட கணக்குக் கார்டுகளைப் பிரிக்கும் இயந்திரங்கள் மட்டுமே இங்கு இரைந்துகொண்டிருந்த 1964இல் வந்தீர்கள். சொந்தக் கம்ப்யூட்டர் இல்லாத நாம், கிண்டிப் பக்கம் மணிக்கணக்கில் வாடகை பேசி, கார்டுப் பெட்டிகளை மின்சார ரயிலில் மடியில் சுமந்த காலத்திலும் முன்னால் நின்றீர்கள். பிறர் புரோகிராமை ஓடவிட்டுப் பார்ப்பர். தாங்களோ அது ஓடுமுன்பே, அது தவற வழியில்லை என்று தாளில் வரிக்கு வரி நிறுவுவீர்கள். "மெஷின் ஆயிரம் சுத்து சுத்தட்டும்ப்பா. எல்லாச் சுத்துலயும் மாறாம நிக்க வேண்டியது எது? அதை மொதல்ல எழுது" என்று எங்களை வாட்டினீர்கள். வாட்டிய வள்ளலே, வாழ்க!

ஆனால் மேடையில் பொய் சொல்லலாகாது. 1973 ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று வரும்வரை, நாங்கள் அதை நம்பவே இல்லை.

பதினாலாயிரம் மாணவர்களின் தேர்வு முடிவு, திங்களன்று வெளிவர வேண்டும். சோதனைக்காக, வழக்கம்போல், எங்கள் பதினேழு பேரின் பெயரிலேயே கார்டு துளைத்தோம். மதிப்பெண்ணும் நாங்களே போட்டுக்கொண்டோம். ஓசியில் கிடைக்கும் மதிப்பெண்ணில் கஞ்சத்தனம் எதற்கு? ஆபரேட்டர் தாவீது தனக்குக் கணக்கில் தொண்ணூற்றிரண்டு போட்டுக்கொண்டார். தங்களுக்கு நாங்கள் நூறு போட்டோம். பதினேழு பேரும் தேறினோம்! தங்கள் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

தாங்களோ ஓரமாய் அமர்ந்து, "மெஷினின் கையில் இருப்பது இந்த மாணவனின் மதிப்பெண் மட்டுமே" என்று தாளின் தலையில் எழுதி, அது ஒவ்வொரு வரியிலும் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தீர்கள்.

"இன்னா சார், மெஷினு ஜோரா ஓடிக்கினு கீது. நீங்க பேப்பர்ல இன்னாத்த தேடிக்கினு கீறீங்க?" என்றார் தாவீது.

"ஓடுறது தெரியுது தாவீது. பரீட்சைக்கே வராத பையன் ஒருத்தன் வந்தா எங்க ஓடும்?"

ஏழாம் வரியில் பென்சில் நின்றது. வராதவனின் கார்டில் மதிப்பெண் இடம் வெறுமையாக இருக்கும். வெறுமையைக் கண்டால் புரோகிராம் அந்த இடத்தைத் தாண்டிப் போகும். முந்தைய மாணவனின் மதிப்பெண் அழியாமல் நின்று, வராதவன் பெயரில் அச்சாகும். எங்கள் பதினேழு பேரில் தன்னை ஆப்சென்ட் போட்டுக்கொண்டவர் எவருமில்லையே!

இதோ மேடையில் அமர்ந்திருக்கும் மேனேஜர் பக்தவச்சலம் அவர்கள் கோபிக்கலாகாது. "வாடகை மணி முடியப் போகுது. இன்னொரு மணின்னா நானூறு ரூபாய். ஒரு சந்தேகத்துக்கு நானூறா? கையெழுத்துப் போடுங்க சார்" என்றவர் அவர்தாம். "கையெழுத்துதானே? ராஜினாமா கடிதத்துல போட்டுத் தரேன், வாங்கிக்குங்க" என்றீர்கள். இரண்டு பெண் மக்களின் கல்யாணத்தை எதிரே வைத்துக்கொண்டு சொன்ன சொல் அது! கொத்தவால்சாவடிச் சந்தையில் வளர்ந்தவனாக்கும் இம்மடலை எழுதும் நான். இப்படிப் படியாத பேரத்தை அங்குங்கூடக் கண்டதில்லை.

பிறகு கேட்டது ஒரே ஒரு கார்டு. துளையிடும் தபீதாள் தம்மையே வராதவராக்கிக் கார்டு துளைத்து, தாவீதின் கார்டுக்குப் பின்னால் செருகினார். இயந்திரம் இரைந்தது, அச்சு இறங்கியது: தபீதாள், கணக்கு, தொண்ணூற்றிரண்டு!

"ஐயோ சார், என் மார்க்கத் தூக்கி தபீதா அக்காவுக்குக் குட்த்திச்சு சார்!" என்று தாவீது அலறினார். "நீ மட்டும் எழுதியா வாங்கின?" என்றார் தபீதாள். மேனேஜர் இன்னொரு மணிக்கான நானூறுக்காக மணிபர்ஸைத் திறந்தார்.

ஒரு வரி சேர்த்தீர்கள்: புதுக் கார்டைப் படிக்குமுன் பழையதைத் துடை. மீண்டும் தாளில் நிறுவி, அதன் பிறகே கையெழுத்திட்டீர்கள். அந்தத் தேர்வுக்கு வராதவர்கள் இருநூற்றுப் பன்னிருவர். அத்தனை பேர் பெயரிலும் மதிப்பெண் அச்சாகியிருந்தால், வந்து எழுதிய பிள்ளைகளின் மதிப்பெண்ணை யார் நம்பியிருப்பார்? அன்றிலிருந்து அப்படியொரு தாள் இல்லாமல் நம் கார்டுப் பெட்டி ரயிலேறியதில்லை, இனியும் ஏறாது. இது எங்கள் வாக்கு!

அந்த முதல் தாளைக் கண்ணாடி போட்டுத் தங்களுக்கே தர எண்ணினோம். பிறகு எங்களுக்குள் பேரம் பேசி, அசலை நாங்கள் வைத்துக்கொண்டோம்; நகல் தங்களுக்கு. தாங்கள் துணைவியார் ரத்தினபாய் அம்மையாருடன் நோயின்றி, நூறாண்டு தாண்டி, நிறைவாய் வாழ்க!

இனி, நிலையத்தின் நாளைய கணக்கு:

பெயர்கள் பதினேழு. வந்தவர் பதினாறு. வராதவர் ஒருவர். அவருடைய நூறு, அடுத்த கார்டில் எவர் பெயரிலும் ஏறாது.

சரிபார்த்துக் கையெழுத்திட்ட
பதினாறு பேர்
தாம்பரம், 30-6-1978