இரண்டு பட்டங்களுக்கு நடுவே டாக்டர் குணபூசணி

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, டாக்டர் நாகையா அவர்களே, இளம் மருத்துவர் சனாவுல்லா அவர்களே, முன்வரிசையில் சக்கர நாற்காலியில் இருக்கும் குணபூசணியின் தாயார் நேசம்மா அவர்களே, கிள்ளானிலிருந்தும் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்தும் வேலை நேரத்தை விட்டு இந்த பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்துக்கு வந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

நான் வல்லிபுரம். அரசாங்க அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்துத் தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவன். நம் சங்கத்தின் கல்விக் குழுச் செயலாளர். கல்யாணப் பத்திரிகையை நீட்டினால்கூடத் தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று பார்ப்பவன். அதற்காக என்னைக் கேலி செய்பவர்கள் இங்கேயே நாலு பேர் இருக்கிறார்கள்.

இன்றைய அஞ்சலிக் கூட்டத்தின் அழைப்பிதழில் 'செல்வி குணபூசணி கந்தப்பு' என்று அச்சிட்டிருக்கிறது. சட்டப்படி அதுதான் சரி. ஆனால் நான் டாக்டர் குணபூசணி என்றுதான் சொல்லப் போகிறேன். ஆறு வருடம் மருத்துவம் படித்துத் தேறியவரை வேறு எப்படி அழைப்பது?

அவர் 1984இல் இந்தியாவுக்குப் படிக்கப் போனார். எந்த மாநிலம், எந்தக் கல்லூரி என்று சொல்லவில்லை. அங்கே படித்தவர்களின் விண்ணப்பங்கள் இன்னும் நிலுவையில் இருப்பதால் பெயரைத் தவிர்க்கச் சொன்னார்கள். அந்நாளில் அந்த மாநிலத்து மருத்துவக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொதுப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. வணிகவியல் தேர்வையும் சட்டத் தேர்வையும் நடத்திய அதே அலுவலகம்தான் மருத்துவத் தேர்வையும் நடத்தியது. முடிவு வர எட்டு மாதம் ஆகும். பக்கத்துப் பக்கத்து ஊர் மாணவர்களுக்கு வெவ்வேறு பாடத்திட்டம்.

இதைச் சீர்படுத்தத்தான் மருத்துவ அறிவியலுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. மருத்துவம், பல் மருத்துவம், செவிலியர் படிப்பு, மருந்தியல் எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு, ஆறு வாரத்தில் முடிவு. நல்ல காரியம்தான். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

இந்த மாற்றம் குணபூசணியின் படிப்புக்கு நடுவில் வந்தது. கடைசி வருடத்தில் அவருடைய வகுப்புக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். பட்டத்தைப் பழைய பல்கலைக்கழகத்தின் பெயரில் வாங்கலாம், புதியதன் பெயரிலும் வாங்கலாம். ஒருமுறை கையெழுத்துப் போட்டால் மாற்ற முடியாது. அவருடைய அப்பா கந்தப்பு அண்ணர் அப்போது உயிரோடு இல்லை. ஆகவே என்ன செய்வதென்று அந்தப் பெண் யாருக்குக் கடிதம் எழுதினார்? எனக்கு எழுதினார்.

நான் புதியது என்று பதில் எழுதினேன். மருத்துவத்துக்கென்றே நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், அதன் முதல் பட்டதாரிகளில் நீயும் ஒருத்தி, பெருமையாக வாங்கு என்று எழுதினேன். அவர்கள் அனுப்பிய கையேட்டின் பளபளப்பில் எனக்கு மயக்கம். இந்த நாட்டில் எந்தெந்தப் பட்டம் செல்லும் என்ற பட்டியல் அரசாங்க கெஜட்டில் இருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் கெஜட் படித்தவன், அன்றைக்கு அதைப் புரட்டவில்லை. பழைய பெயர் அதில் இருந்தது. புதிய பெயர் இல்லை.

1990இல் அவர் திரும்பி வந்தார். டாக்டராகப் பதிவு கிடையாது என்றார்கள். மறுபடி முதல் வருடத்திலிருந்து படிக்கலாம் என்றார்கள். வேறு நாட்டுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். பக்கவாதத்தில் படுத்த தாயை யாரிடம் விட்டுப் போவது?

டாக்டர் நாகையா கிள்ளானில் உள்ள தம் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் இடத்தில் அவரை உட்கார வைத்தார். எட்டு வருடம் அந்தச் சின்ன ஜன்னலுக்குப் பின்னால் இருந்தார். தொழிற்சாலைப் பெண்கள் சீட்டை நீட்டிக்கொண்டே உடம்பில் உள்ளதையெல்லாம் அவரிடம் சொல்வார்கள். அவருக்குப் புரியும். புரிந்ததைச் சொல்லக் கூடாது. "அக்கா, திரும்ப உள்ளே போயி டாக்டர்கிட்ட இதையும் சொல்லுங்க லா," என்று மட்டும் சொல்வார். பொறுமைசாலி என்று இங்கே பேசியவர்கள் சொன்னார்கள். பொறுமைசாலி அல்ல. கிளினிக் பூட்டிய பிறகு மருந்துப் பெட்டிகளைக் காலால் உதைத்ததை டாக்டர் நாகையா பார்த்திருக்கிறார்.

அந்தக் கோபத்தில்தான் அவர் வேலையைத் தொடங்கினார். புதிய பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டம், தேர்வு விதிகள், மருத்துவமனைப் படுக்கைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதிக் கேட்டு வாங்கித் திரட்டி, பட்டங்களைப் பரிசீலிக்கும் குழுவுக்கு அனுப்பினார். ஆறு வருடம் விடாமல் அனுப்பினார். 1996இல் அந்தப் பெயர் பட்டியலில் ஏறியது. ஆனால் ஒரு நிபந்தனை. புதிய பாடத்திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். சனாவுல்லாவும் இன்னும் ஆறு பேரும் டாக்டர்கள் ஆனார்கள். குணபூசணி படித்தது பழைய பாடத்திட்டம், வாங்கியது புதிய பட்டம். கதவைத் திறந்தவர் வெளியிலேயே நின்றார்.

சென்ற மாதம் டெங்கிக் காய்ச்சலில் படுத்தபோது அவர் வார்டில் சனாவுல்லாதான் பணியில் இருந்தார். காய்ச்சல் அட்டையைப் பார்க்காமலே குணபூசணி தம் நிலைமையைத் தாமே சொல்லிவிட்டாராம். "நீ பயப்படாத. எழுது, நான் சொல்றேன்," என்றாராம். தொழில் என்ன என்று படிவத்தில் கேட்டிருந்த இடத்தில் 'கடை உதவியாளர்' என்று எழுதச் சொன்னாராம். கிளினிக் என்றுகூடச் சொல்லவில்லை. அந்தக் காய்ச்சலிலிருந்து அவர் எழவே இல்லை.

இனி, நான் எதற்காக மேடையேறினேனோ அதைச் சொல்கிறேன்.

சென்ற வருடம் அவர் மேல்முறையீட்டுக்கு ஒரு விசாரணை நடந்தது. துணைக்கு நான் போனேன். உள்ளே போகும் முன்பு நடைபாதையில் என்னிடம் சொன்னார்: "அங்கிள், நீங்க வாயத் திறக்காதீங்க. உங்க பேச்ச நம்பி இன்னும் பதினாலு பிள்ளைங்க வெளியூர்ல படிக்குது. அவங்க வீட்ல பயந்துடுவாங்க."

உள்ளே விசாரணைக் குழுத் தலைவர் கேட்டார், யாராவது தவறான ஆலோசனை சொல்லி இந்தப் பட்டத்தை எடுக்க வைத்தார்களா என்று. ஆம் என்று சொல்லி என் கடிதத்தைக் காட்டியிருந்தால் தனியாகப் பரிசீலிப்பதற்கு விதியில் இடம் இருந்தது. கடிதம் அவர் கைப்பையில் இருந்தது. "இல்லை, என் சொந்த முடிவு," என்றார். நான் இரண்டடி பின்னால் உட்கார்ந்திருந்தேன். பதினாலு பிள்ளைகளை நினைத்தா பேசாமல் இருந்தேன்? என் பெயரை நினைத்துத்தான். சுயவிருப்பத்தின் பேரில் தேர்ந்தெடுத்ததால் மனு நிராகரிக்கப்படுகிறது என்று மூன்று வாரத்தில் பதில் வந்தது.

குணபூசணியின் வகுப்பைச் சேர்ந்த நான்கு பேருடைய மனுக்கள் இன்னும் நிலுவையில் இருக்கின்றன. அவர்களில் இருவருக்கும் அதே ஆலோசனையை எழுதியவன் நான்தான். நாளைக் காலை ஒன்பது மணிக்கு சனாவுல்லாவோடு அந்த அலுவலகத்துக்குப் போய், சத்தியப் பிரமாணத்தோடு என் வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன். குணபூசணி அன்று சொன்னது உண்மையல்ல என்று எழுதியிருக்கிறேன். யாரைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொன்னார் என்றும் எழுதியிருக்கிறேன். கல்விக் குழுச் செயலாளர் பொறுப்பிலிருந்து இன்றோடு விலகுகிறேன். அவர் தொடங்கிய வேலையிலிருந்து விலக மாட்டேன். அந்த நான்கு பேரும் பதிவு பெறும்வரை அந்த அலுவலகத்துப் படியில் என்னைப் பார்க்கலாம்.

நேசம்மா அம்மா, இதை வேறு யாரும் சொல்லி நீங்கள் கேட்கக் கூடாது. புதுப் பட்டத்துக்கு உனக்கென்ன அவ்வளவு ஆசை என்று எட்டு வருடம் உங்கள் மகளைத் திட்டினீர்கள். உங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே நானும் அதைக் கேட்டிருக்கிறேன். அவர் ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. அந்த ஆசை அவருடையதல்ல, அம்மா. என்னுடையது.