மூன்றாவது கூவல்

— காலைப் பார்த்து வைங்க மேடம். சத்தத்தைப் பார்த்து நடக்காதீங்க.

— காலையில இருந்து கிளிப்பிள்ளை மாதிரி இதையேதான் சொல்றீங்க, அண்ணே.

— கைடு வேலைன்னா அப்படித்தான். பைனாக்குலரைத் திருப்பிப் பிடிங்க முதல்ல. நீங்க பிடிச்சிருக்கிற லட்சணத்துக்கு யானை வந்தாலும் எறும்பாத்தான் தெரியும்.

— ஐயோ... ஆமா. சிரிக்காதீங்க.

— சிரிக்கல மேடம். டீச்சர்னு சொன்னீங்களே, அதான்...

— எனக்குப் பிள்ளைங்களை மேய்க்கத்தான் தெரியும். குருவி எல்லாம் புதுசு.

— புதுசுங்கறீங்க, பைனாக்குலர் இப்படித் தேய்ஞ்சு கிடக்கு! வார்ல பச்சை நூல் தையல் வேற.

— வீட்டுல சும்மா கிடந்துச்சு... எடுத்துட்டு வந்தேன்.

— அசையாதீங்க. அட்டை. இதோ, ஷூ மேல ஏறுது... உப்புத் துணியால ஒரு ஒத்து ஒத்தினா சுருண்டு விழுந்துடும். ம், போயிடுச்சு.

— இன்னும் எவ்வளவு தூரம்?

— வந்தாச்சு. வேற பக்கம் போலாம், வாலு நீட்டமா கலர் கலரா காட்டறேன்னு அப்பவே சொன்னேன். நீங்கதான் செவ்வயிற்றுக் குருவிதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னீங்க. அது இந்த மேட்டை விட்டா வேற எங்கயும் இல்ல... ஷ்ஷ்!

— என்ன?

— கேளுங்க... அதோ. அந்தப் புதர்ல.

— கேட்டுச்சு. ரெண்டு தடவைதானே கூவுச்சு? மூணாவது?

— அது ரெண்டுதான் மேடம். எப்பவும் ரெண்டுதான்.

— நிச்சயமா?

— அப்புறம் இத்தனை வருஷமா இந்தக் காட்டுல காதை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றேன்?

— சரி, சரி, கோவிச்சுக்காதீங்க. கிட்ட போய்ப் பார்த்துடலாம், சத்தம் இந்தப் பக்கம்தானே...

— நில்லுங்க! நில்லுங்கன்னா நில்லுங்க!

— என்ன அண்ணே இது... தோளை விடுங்க, வலிக்குது.

— மன்னிச்சுக்குங்க. அங்க... அங்க தரை இல்ல. பனி மூடியிருக்கிறதால இருக்கிற மாதிரி தெரியுது. கீழ பள்ளம்.

— பள்ளமா?

— அந்தக் கல்லை உருட்டி விட்டுப் பாருங்க.

— ...சத்தமே வரலையே.

— வராது. இப்படி உட்காருங்க. இந்தப் பாறை மேல. தண்ணி குடிங்க.

— நீங்க ஏன் அண்ணே இப்படிப் பதறுறீங்க?

— வயசாகுதுல்ல... குருவி ஓடிடுச்சு மேடம். கிளம்பலாம்.

— விசிலடிச்சுக் கூப்பிடுங்களேன். நீங்க அடிச்சா குருவி எது, ஆள் எதுன்னே தெரியாதாம். லாட்ஜ்ல சொன்னாங்க.

— அதெல்லாம் விட்டாச்சு.

— ஒரே ஒரு தடவை.

— வேணாம் மேடம்.

— இவ்வளவு தூரம் வந்துட்டு, பிள்ளைங்ககிட்ட போய் ஒண்ணுமே இல்லைன்னு சொல்லவா? ஒரே தடவை, அண்ணே...

— உங்களோட பெரிய ரோதனையா போச்சு... சரி. ஒரே தடவைதான். ஹ்வீ... ஹ்வீ... ஹ்வீயூ...

— மூணு.

— ஹா, கண்டுபிடிச்சிட்டீங்க! டீச்சர்னா டீச்சர்தான். மூணாவது என் சொந்தச் சரக்கு. கேட்க நல்லா இருக்கட்டும்னு சேர்த்துக்கிட்டது. இந்தக் காட்டுல அப்படி அடிக்கிறவன் நான் ஒருத்தன்தான்.

— குருவி அதுக்கு ஏமாறுமா?

— குருவியாவது ஏமாறுறதாவது! வர்றவங்கதான் ஏமாறுவாங்க. ஒண்ணுமே கண்ணுல படாத நாள்ல, 'இங்கேயே இருங்க, முன்னால போய்ப் பார்த்துட்டு வரேன்'னு போயி, மறைவா நின்னு அடிப்பேன். கண்ணால பார்க்காட்டியும் காதால கேட்டோம்னு சந்தோஷமா போவாங்க... அதெல்லாம் அப்போ.

— எப்போ விட்டீங்க?

— எதுக்குக் கேக்கறீங்க?

— சும்மாதான்.

— போன மழைக்கு முன்னாடி... போன்ல என்ன தேடறீங்க? இங்க எப்பவாவதுதான் சிக்னல் வரும்.

— தெரியும். ஒரு தடவை வந்திருக்கு. அப்போ வந்த வாய்ஸ் மெசேஜ் இது, கேளுங்க... "அக்கா! அம்மாகிட்ட சொல்லு, கிடைச்சிடுச்சு! கூவுது பாரு... கேட்குதா? மூணு தடவை! பக்கத்துலதான் இருக்கு. இரு, கிட்ட போய்ப் பார்த்துட்டுக் கூப்பிடறேன்..." திரும்பப் போடட்டுமா?

— வேணாம்... வேணாம். யாரு... யாரு மேடம் நீங்க?

— அவன் அக்கா. இந்த பைனாக்குலர் அவனோட பழசு. புதுசு வாங்கினதைக் கழுத்துல மாட்டிக்கிட்டுத்தான் உங்களோட வந்தான்.

— அவரை நான் செக்போஸ்ட் கேட்டுல கொண்டு விட்டுட்டேன்... அப்பவே போலீஸ்ல அதைச் சொல்லி...

— சொன்னீங்க. அவங்களும் நம்பிட்டாங்க. பஸ் ஸ்டாண்டு, ஆத்தங்கரை, ஆஸ்பத்திரின்னு ஒரு இடம் விடல. இதைப் போட்டுக் காட்டினேன். நீங்க கேட்டுல விடறதுக்கு முன்னாடி பேசினதா இருக்கும், குருவி எங்க வேணும்னாலும் கூவும்னுட்டாங்க. காட்டுக்குள்ள ஒருத்தரும் தேடல, அண்ணே.

— எனக்கு ரெண்டு பொண்ணுங்க, மேடம்... லைசென்ஸ் போச்சுன்னா நடுத்தெருவுலதான்...

— எனக்கு ஒரே தம்பி.

— ஐயோ... மேடம்...

— அழாதீங்க. நான் சண்டை போட வரல. அதுக்கு என்கிட்ட தெம்பும் இல்ல. எங்க அம்மா இன்னமும் வாசல் லைட்டை அணைக்க விடமாட்டேங்கறாங்க. பிள்ளை வந்தா இருட்டுல தடுக்கி விழுந்துடுவானாம். நான் போய் அவங்ககிட்ட ஒரு பதில் சொல்லணும். அவன் எங்க இருந்தான்?

— இங்கதான். இதே பாறையில உட்கார வச்சிட்டுத்தான் போனேன். எந்திரிக்காதீங்கன்னு சொன்னேன் மேடம்... சத்தியமா சொன்னேன். அன்னிக்கும் இதே பனி.

— சத்தத்தைப் பார்த்து நடந்துட்டான்.

— ம்...

— நீங்க எங்க நின்னு அடிச்சீங்க?

— ...பள்ளத்துக்கு அந்தப் பக்கம்.