விட்டுப்போன மைனஸ்

செவிலிமேடு போகும் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை செய்பவள் என்பது பேச்சிலிருந்தே தெரிந்தது.

"அந்த நட்சத்திரம் உள்ளார விழணும்க்கா. என்னால அது வெளிய பறந்து போயிருக்கும்."

"எந்த நட்சத்திரம்மா?"

"காலேஜ் சார் ஒருத்தரோட ஆராய்ச்சிக் கட்டுரை. பெரிய நட்சத்திரம் எரிஞ்சு தீர்ந்தா, தன் பாரத்தாலயே உள்ளார நொறுங்கிடுமாம். அப்புறம் வெளிச்சங்கூட அதுலேர்ந்து தப்பிச்சு வராதாம். வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்புறாரு. நான்தான் டைப் அடிச்சேன். மிஷின்ல வராத கணக்குக் குறியையெல்லாம் நான் பேனாவால எழுதணும். அவர் கவரை ஒட்டி எடுத்துக்கினு போயிட்டாரு. அவர் எழுதிக் குடுத்த தாளை அடுக்கறப்ப பாக்கறேன், ஒரு எடத்துல மைனஸ் போடாம விட்டிருக்கேன். அது இல்லேன்னா உள்ளார விழறது வெளிய போறதா மாறிடுமாம்."

"ஐயய்யோ!"

"செருப்புகூடப் போடாம போஸ்டாபீசுக்கு ஓடினேன். நல்லவேளை, இன்னும் க்யூவுலதான் நின்னுக்கினு இருந்தாரு."

"திட்டினாரா?"

"கவரைப் பிரிச்சுப் பாத்தாரு. அப்படியே பெஞ்சுல உக்காந்துட்டாரு. 'மூணு வருஷ உழைப்பும்மா'ன்னாரு. அப்புறம் தன் பேனாவை நீட்டி, 'நீயே போடு'ன்னாரு. போட்டேன்."

"கை நடுங்கலையா?"

"அப்ப நடுங்கலை. இப்பதான் நடுங்குது, பாருக்கா."

அவள் கையை நீட்டினாள். மூத்தவள் அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இறங்கும்வரை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.