கம்புக்கு அந்தப் பக்கம் பிரான்சு

– ஆமா மொதலாளி, பிரான்சு தேசத்துக்கு மாட்டுவண்டி ஓட்டினவன் மதுரையில இந்தப் பேயாண்டி ஒருத்தன்தான். சிம்மக்கல் போய்ச் சேர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிர்றேன்.

– கடல் மேலயா ஓட்டுனீக, அண்ணே?

– காரைக்கால் பிரெஞ்சுக்காரன் மண்ணுதான? நாகூரைத் தாண்டுனா எல்லைக் கம்பு. அதைக் கண்டதும் என் காளைக ரெண்டும் பிரெஞ்சுல கத்துச்சுக.

– சரி, என்ன பாரம்?

– ஒரு ஆத்தா. நம்ம சிம்மக்கல் லத்தீபாம்மா. சாகக் கெடக்காக. பினாங்குல கடை வச்சிருக்க மகன் பாதுஷாவை ஒருதரம் பாக்கணும்.

– மகன் இங்க வரவேண்டியதுதான?

– வரி வக்கீல்கிட்ட ரோசனை கேட்டுட்டானாம். “மதுரையில உனக்கு வீடு இருக்கு. மார்ச்சு முடியறதுக்குள்ள இங்கிலீசுக்காரன் மண்ணுல ஒரு நாள் கால் வச்சாலும், பினாங்குச் சம்பாத்தியம் அம்புட்டுக்கும் வரி. காரைக்கால்ல எறங்கிக்க”ன்னுட்டாரு.

– சட்டம் அப்படித்தான் இருக்கு. மேல சொல்லுங்க.

– கம்புகிட்டச் சுங்கக்காரன் மறிச்சிட்டான். சோதனை முடியாம சக்கரம் உருளக்கூடாதாம். அவன் வைக்கோலைக் கிளறுறான், அந்தம்மாவுக்கு மூச்சு இழுக்குது. தொணைக்கு வந்த பெரியவர் அவன் காலைப் புடிச்சுக் கெஞ்சுறாரு. கம்புக்கு அந்தப் பக்கம் மகன் வந்து நிக்கிறான்.

– ஓடி வந்திருப்பான்.

– வரலை. நின்ன எடத்துல இருந்தே, உசுரு போறவுக காதுல அவுக ஓதுற கலிமாவைச் சொன்னான். வண்டிக் கூண்டுக்குள்ள அந்தம்மா தலையைத் தாங்கிக்கிட்டு இருந்ததால அவன் மூஞ்சியை நான் பாக்கலை, சத்தம் மட்டுந்தான். வாயில தண்ணி ஊத்துனது இந்தக் கை, சோணைசாமி கும்புடுற கை. நாகூர்லயே அடக்கம். மண்ணு போடவும் அவன் வரலை.

– காளை பிரெஞ்சு பேசுனதை நம்பிருவேன், இதை நம்பமாட்டேன். பெத்தவ சாகையில எந்த மகன் நிப்பான்?

– நிக்கச் சொன்னதே அந்தம்மாதான். “வந்துராத ராசா, வரி போட்டுருவாக”ன்னு ஒரு சத்தம். அதோட சரி. மத்ததுல கூட்டிச் சொல்லுவேன் மொதலாளி, இதுல ஒரு சொல்லு கூட்டலை.

– அவனுக்கு அது கேட்டிருக்காது.

– கூப்பிடு தூரந்தான. சிம்மக்கல் வந்திருச்சு, எந்த வீடு?

– லத்தீபாம்மா வீடு. எனக்குக் கேட்டுச்சு, அண்ணே.